இஞ்சி முதலில், பால் பிறகு, தேன் கடைசியில்: குளிருக்குச் சூடான பானம் போடுவது பற்றி

வடிகட்டி | டிசம்பர் 2, இரவு 8.10

ஒரே பாத்திரத்தில் இரண்டு கப் பால், ஒரு துண்டு இஞ்சி, மிளகு, பட்டைத் தூள், மஞ்சள், டீத்தூள், தேன் எல்லாத்தையும் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கொதிக்க விடுறேன். சில நாள் பால் திரியுது. திரியாத நாளில் கசக்குது. காரம் மட்டும் எந்த நாளும் இல்லை. கடைசி மடக்கில் வாயெல்லாம் தூள். இஞ்சியைக் கூட்டினா இன்னும் சீக்கிரம் திரியுது. அளவு தப்பா, முறை தப்பா?

கொதிநிலை | டிசம்பர் 2, இரவு 9.05

அளவில் பெரிய கோளாறு இல்லை. வரிசைதான் தப்பு. நீங்க போடுற ஏழு பொருளுக்கும் ஏழு விதமான நேரம் வேணும், எல்லாத்துக்கும் ஒரே பதினஞ்சு நிமிஷம் கொடுக்கறீங்க.

பால் திரியறதுக்குக் காரணம் இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டுற ஒரு நொதி இருக்கு, ஜிஞ்சிபெய்ன்னு பேர். 60 டிகிரியை ஒட்டி அது ரொம்பச் சுறுசுறுப்பா வேலை செய்யும். குளிர்ந்த பாலில் இஞ்சியைப் போட்டு மெதுவா சூடேத்தினா பால் அந்தச் சூட்டைக் கடந்து வர வரைக்கும் நொதிக்கு முழு அவகாசம் கிடைக்குது. இஞ்சியைக் கூட்டினா நொதியும் கூடுது, அதான் சீக்கிரம் திரியுது. இஞ்சியைத் தண்ணியில் தனியாக் கொதிக்க விட்டா நொதி செத்துடும். அப்புறம் பாலைச் சேர்த்தா பிரச்சினை இல்லை.

ஒரு பெரிய கோப்பைக்கு, அதாவது 250 மி.லி.க்கு, நான் போடுற கணக்கு: தண்ணி 150 மி.லி., இஞ்சி 8 கிராம் (கட்டைவிரலின் முதல் கணு அளவு), மிளகு அஞ்சு, பட்டை ஒரு அங்குலம், கிராம்பு ஒண்ணு. இஞ்சியை நசுக்கிப் போடணும், மிளகு ரெண்டா உடைஞ்சா போதும். மூடி போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 6 முதல் 8 நிமிஷம். அப்புறம் டீத்தூள் ஒரு டீஸ்பூன், ரெண்டு மூணு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். பிறகு பால் 130 மி.லி., ஒரு கொதி. ஆவியாகிப் போறது போக 250 மி.லி.க்குப் பக்கத்தில் நிற்கும். அடுப்பை அணைச்சு, தட்டின ஏலக்காய் ஒண்ணு போட்டு ஒரு நிமிஷம் மூடி, வடிகட்டு. இனிப்பு கோப்பையில்.

கசப்பு டீத்தூளால் வருது. பதினஞ்சு நிமிஷம் கொதிச்ச டீத்தூள் துவர்ப்பு முழுக்க இறக்கிடும், எவ்வளவு பால் ஊத்தினாலும் மறைக்க முடியாது.

ஏலத்தோல் | டிசம்பர் 2, இரவு 9.50

காரம் ஏன் இல்லைன்னு யாரும் சொல்லலை. இஞ்சி, மிளகு ரெண்டின் காரச்சத்தும் தண்ணியில் சுலபமாக் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் போட்டதும் அந்தச் சத்து பால் கொழுப்போடும் கேசின் புரதத்தோடும் ஒட்டிக்கிட்டு நாக்கைத் தொடாமப் போகுது. மிளகாய்க் காரத்துக்குப் பால் குடிக்கிறதும் இதே காரணத்துக்குத்தான். அதனால பால் பானத்துக்கு, வெறும் தண்ணி பானத்துக்குப் போடுறதைப் போல ஒன்றரை மடங்கு மசாலா வேணும். இல்லேன்னா பாலைக் குறைக்கணும்.

இன்னொண்ணு, பட்டைத் தூளைத் தண்ணியில் கொதிக்க விடவே கூடாது. வழவழப்பாகி வடிகட்டியை அடைக்கும், வாயில் கொழகொழன்னு ஒட்டும். முழுப் பட்டைதான். தூள் மட்டும்தான் கையில் இருக்குன்னா நுரை மேல் ஒரு சிட்டிகை தூவலாம், அவ்வளவுதான். கிராம்பு கோப்பைக்கு ரெண்டைத் தாண்டினா நாக்கு மரத்துப் போய் வேற எந்த ருசியும் தெரியாது.

அடிகனம் | டிசம்பர் 3, காலை 6.40

கொதிநிலை சொன்னதில் ஒரு இடம் விட்டுப்போச்சு. தளதளன்னு கொதிக்கிற பாலில் நேரா இஞ்சியைத் தட்டிப் போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குப் பால் திரியறதில்லை. காரணம் அதே நொதிதான்: கொதிக்கிற பாலில் விழுந்ததும் அது வேலை செய்யறதுக்கு முன்னாடியே அழிஞ்சுடுது. வெதுவெதுப்பான பாலில் போடுறதுதான் ஆபத்து. அதுலயும் துருவின இஞ்சி, பிழிஞ்ச சாறு ரெண்டும் மோசம்.

அதுக்குப் பிறகும் திரிஞ்சா இஞ்சியைத் திட்டாதீங்க, பாலைப் பாருங்க. ரெண்டு ஸ்பூன் பாலைத் தனியாச் சின்னக் கரண்டியில் கொதிக்க வைங்க. அதுவே திரிஞ்சா பால் ஏற்கெனவே புளிக்கத் தொடங்கிடுச்சு. நல்ல பாலின் பிஎச் (புளிப்பைக் காட்டுற எண், புளிப்பு கூடினா இது இறங்கும்) 6.6, 6.7. அது கொஞ்சம் இறங்கினாக்கூட குளிர்ந்த நிலையில் ஒண்ணும் தெரியாது, சூடேத்தினா காட்டிக் கொடுத்துடும்.

வெல்லம் போடுறவங்களுக்கும் இதே கதை. வெல்லத்தில் அமிலத்தன்மை உண்டு, கொதிக்கிற பாலில் போட்டா திரியும். அடுப்பை அணைச்சு, பால் கொஞ்சம் ஆறின பிறகு, தண்ணியில் கரைச்சு வடிகட்டின பாகாக் கலக்கணும். கட்டியாப் போட்டா அது கரையிற இடத்தில் மட்டும் புளிப்பு குவிஞ்சு அங்கேயே திரி விடும்.

வடிகட்டி | டிசம்பர் 3, இரவு 7.30

இஞ்சி தண்ணியில் முதலில், பால் பிறகுன்னு செஞ்சதில் திரியலை. காரமும் தொண்டையில் தெரியுது. ஆனா பால் அடிபிடிக்குது. பாத்திரம் மெல்லிசுன்னு நினைக்கிறேன். அப்புறம் சுக்குத் தூள் போட்டா இஞ்சி வேண்டாமா?

பாலாடை | டிசம்பர் 3, இரவு 8.15

அடிபிடிக்கிறது பால் புரதம். 70 டிகிரியைத் தாண்டினதும் மோர்ப்புரதம் சுருண்டு பாத்திரத்தின் அடியில் படியும். அது படிஞ்ச இடம் மேல இருக்கிற பாலை விடச் சூடாகும், அப்படியே கருகும். கருகின வாசனை வந்த பாலை எதுவும் காப்பாத்தாது. கிளறினா இன்னும் பரவும். கிளறாம மேல இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்தினா பாதி தப்பும்.

தடுக்க: பாத்திரத்தைத் தண்ணியில் அலசி, துடைக்காம ஈரத்தோட பாலை ஊத்து. தீ மிதத்துக்குக் கீழ. தட்டையான மரக்கரண்டியால் அடியை வழிச்சுக் கிளறு, வட்டமாச் சுத்துறது மட்டும் போதாது. கொதிநிலை சொன்ன முறையில் ஏற்கெனவே பாத்திரத்தில் கொதிநீர் இருக்கு, அதில் பால் விழறதால அடிபிடிக்கிறது தானாவே குறையும். உங்களுக்கு இன்னும் பிடிக்குதுன்னா தீ அதிகம்.

மேல ஆடை படர்றதும் புரதம்தான். ஆடைக்கு அடியில் நீராவி மாட்டிக்கிட்டுத்தான் பால் பொங்குது. மரக்கரண்டியைப் பாத்திரத்தின் குறுக்கே வைக்கிறது ஓரளவு உதவும், பெருந்தீக்கு முன்னாடி அது ஒண்ணும் செய்யாது. குடிக்கிற கோப்பையில் ஆடை பிடிக்காதவங்க ரெண்டு பாத்திரத்துக்கு மாத்தி மாத்தி ஆத்தி நுரை கட்டிடணும். நுரை இருக்கிற வரைக்கும் ஆடை படராது. எனக்கு ஆடை பிடிக்கும், பேரைப் பாருங்க.

ஏலத்தோல் | டிசம்பர் 3, இரவு 8.40

சுக்கு: பச்சை இஞ்சியில் இருக்கிற காரச்சத்து ஜிஞ்சரால். காய்ஞ்சா, சூடானா அதில் ஒரு பங்கு ஷோகால் என்கிற இன்னொரு காரச்சத்தா மாறும். அதன் காரம் ஜிஞ்சராலைப் போல சுமார் ரெண்டு மடங்கு. இஞ்சியில் பெரும்பகுதி தண்ணி, அதனால 5, 6 கிராம் இஞ்சி காய்ஞ்சாத்தான் 1 கிராம் சுக்கு. காரத்தில் அந்த இஞ்சியையும் சுக்கு மிஞ்சும். கோப்பைக்குக் கால் டீஸ்பூன் தூளில் தொடங்குங்க. ஆனா பச்சை இஞ்சியின் எலுமிச்சை மாதிரி மேல்வாசனை சுக்கில் கிடையாது. ரெண்டும் சேர்த்தா நல்லா இருக்கும்: காரத்துக்குச் சுக்கு, கடைசி நிமிஷத்தில் வாசனைக்கு மெல்லிசா ரெண்டு சீவல் இஞ்சி.

சுக்குத் தூள் கட்டி தட்டும். சர்க்கரையோட கலந்து வெச்சுக்கிட்டு, கொதிநீரை ஊத்திக் கிளறினா தட்டாது.

கொதிநிலை | டிசம்பர் 4, காலை 7.00

கடைசி நிமிஷத்தில் பச்சை இஞ்சிச் சீவல், அதுவும் பால் பானத்தில்? கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதே போடச் சொல்லுங்க. அணைச்சு ஆறின பிறகு போட்டா முதல் பிரச்சினைக்கே திரும்பிடுவார்.

ஏலத்தோல் | டிசம்பர் 4, காலை 7.25

பாலில்லாததுக்குச் சொன்னேன். பாலுக்கு, கொதியிலேயே போடணும். ஏத்துக்கறேன்.

மூடிபோடு | டிசம்பர் 5, மாலை 6.20

மஞ்சள் பாலைப் பத்தி ஒரு கேள்வி வரும், முந்திக்கிறேன். "ஒரு சிட்டிகை மிளகு போட்டா மஞ்சளின் பலன் இருபது மடங்கு" என்று எல்லா இடத்திலும் சுத்துது. அதுக்கு அடிப்படை 1998-ல் வந்த ஒரு ஆய்வு. அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின் (மஞ்சளின் சத்து), கூட 20 மில்லிகிராம் பைப்பரின் (மிளகின் காரச்சத்து). மஞ்சள் தூளில் குர்குமின் சுமாரா 3 சதவீதம். அரை டீஸ்பூன் மஞ்சளில் 50 மில்லிகிராமைத் தொட்டாலே அதிகம். அந்த ஆய்வில் கொடுத்த அளவுக்குப் பக்கத்திலேயே நம்ம கோப்பை வராது. மிளகு போடுங்க, ருசிக்குப் போடுங்க.

செய்முறையில் முக்கியம் வேற. மஞ்சள் தண்ணியில் கரையாது, கொழுப்பில் கரையும். அரை டீஸ்பூன் வெண்ணெயோ நெய்யோ பாத்திரத்தில் உருக்கி, மஞ்சள் கால் டீஸ்பூன், உடைச்ச மிளகு நாலு போட்டு அரை நிமிஷம் சிறு தீயில் விட்டு, அப்புறம் பால் 200 மி.லி. பச்சை வாசனை போயிடும், நிறமும் சீராப் பரவும். நேரா பாலில் தூவினா மண் வாசனை அப்படியே நிற்கும். அரை நிமிஷத்துக்கு மேல விட்டா மஞ்சள் கருகிக் கசக்கும், ஜாக்கிரதை.

வடிகட்டி | டிசம்பர் 5, இரவு 9.00

இவ்வளவும் குடிச்சா உடம்பு உண்மையிலேயே சூடாகுதா, இல்லை நாக்குக்கு மட்டும்தானா?

கொதிநிலை | டிசம்பர் 5, இரவு 10.10

கணக்கு போடலாம். 60 டிகிரியில் 300 மி.லி. குடிக்கறீங்க. அது 37-க்கு ஆறும்போது உடம்புக்குக் கொடுக்கிறது 300 × 23, அதாவது 6,900 கலோரி, சுமார் 7 கிலோகலோரி. 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி ஏத்த ஏறக்குறைய 50 கிலோகலோரி வேணும். ஆக, 0.14 டிகிரி. தெர்மாமீட்டரில் கூடத் தெரியாது.

அதே கோப்பையில் பாலும் சர்க்கரையும் இருந்தா உணவாக் கிடைக்கிறது 200 கிலோகலோரிக்குப் பக்கம். அது மெதுவா எரியும். குளிரில் ரொம்ப நேரம் இருக்கணும்னா வெறும் இஞ்சித் தண்ணியை விடப் பாலும் இனிப்பும் உள்ளது மேல்.

மசாலா காரம் செய்யறது வேற வேலை. சூட்டை உணர்ற நரம்பு முனையில் டிஆர்பிவி1 என்று ஒரு ஏற்பி இருக்கு, 43 டிகிரிக்கு மேல திறக்கும். மிளகாய், மிளகு, இஞ்சி மூணின் காரச்சத்தும் அதே கதவைத் திறக்கும். மூளைக்குச் சூடுன்னு தகவல் போகுது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டுபிடிச்சு, 2021-ல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைச்சுது, ஆர்டெம் பட்டபூட்டியனோட சேர்த்து. அதனால "நாக்குக்கு மட்டும்தான்"னு சொன்னா அது குறைச்சல் இல்லை. தொண்டை, மூக்கு, கோப்பையைப் பிடிச்ச கை எல்லாம் சேர்ந்து தர்றதுதான் அந்தக் கதகதப்பு.

பாலாடை | டிசம்பர் 5, இரவு 10.35

அதோட மதுவைக் கலக்கலாமான்னு யாராவது கேக்கறதுக்குள்ள: அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளும், தோல் சூடாத் தெரியும், உள் வெப்பம் வெளியே போகும். வெளியே குளிரில் நிக்கப் போறவங்களுக்கு எதிர்வேலை. காரம் கூடிப் போய் வியர்த்த உடனே குளிர்காத்தில் போறதும் அப்படித்தான்.

அடிகனம் | டிசம்பர் 6, மதியம் 2.15

யாரும் கோகோவைத் தொடலை. மசாலா பிடிக்காத பிள்ளைகளுக்கு அதுதான், அதில் எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணே ஒண்ணு: சூடான பாலில் கோகோத் தூளைக் கொட்டுறது. தூளில் 10 முதல் 22 சதவீதம் வரை கொழுப்பு இருக்கு, பால் அதை நனைக்காது. வெளியே ஈரம், உள்ளே காய்ஞ்ச தூள்னு உருண்டை உருண்டையா மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் உடையாது.

கோகோ 2 டேபிள்ஸ்பூன் (10 முதல் 12 கிராம்), சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. காய்ஞ்ச நிலையிலேயே மூணையும் கலந்துடு. சர்க்கரைப் பரல்கள் கோகோத் தூளைப் பிரிச்சு வைக்கும். மூணு டேபிள்ஸ்பூன் கொதிநீர் விட்டுப் பசையாக்கு. பசையைச் சிறு தீயில் ஒரு நிமிஷம், நடுவில் குமிழ் வர வரைக்கும் கிளறு. இந்த ஒரு நிமிஷம் முக்கியம், கோகோவில் மாச்சத்து இருக்கு, அது வெந்தாத்தான் பச்சைத் தூள் ருசி போகும். அப்புறம் பால் 200 மி.லி.யை மூணு தடவையா ஊத்து, முதல் தடவை ரொம்பக் கொஞ்சம். கொதிக்க விடாம ஆவி பறக்கிற சூட்டில் இறக்கு.

கொஞ்ச நேரத்தில் அடியில் படியும், அது இயல்பு. கோகோ கரையற பொருள் இல்லை, மிதக்கிற தூள். படியக் கூடாதுன்னா அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த பாலில் கரைச்சுச் சேர்த்து ஒரு கொதி விடணும். கொதி கட்டாயம், அரைச் சூட்டில் நிறுத்தினா மாவு ருசிதான் மிஞ்சும்.

மூடிபோடு | டிசம்பர் 6, மாலை 5.00

கோகோத் தூள் ரெண்டு ஜாதி, அதைச் சொல்லாம அளவு மட்டும் சொன்னா பாதிப் பேருக்குப் புளிக்கும். இயற்கைத் தூளின் பிஎச் 5.3 முதல் 5.8 வரை, வெளிர் பழுப்பு, கூர்மையான ருசி. ஆல்கலி (அமிலத்தை முறிக்கிற பொருள்) சேர்த்துப் பதப்படுத்தினது கறுப்பா, மென்மையா இருக்கும், பிஎச் 7-ஐ ஒட்டி. டப்பாவில் "ஆல்கலி" என்ற சொல் இருந்தா ரெண்டாவது ஜாதி. இயற்கைத் தூளை வெச்சுக்கிட்டு மென்மை வேணும்னா, பசையாக்கும்போது கத்தி நுனியில் நிக்கிற அளவு சமையல் சோடா. பொங்கி அடங்கி நிறம் இருளும். அதுக்கு மேல போட்டா சோப்பு ருசி.

சாக்லேட் கட்டியில் செய்யறவங்களுக்கு: 200 மி.லி. பாலுக்கு 25 கிராம் கறுப்புச் சாக்லேட், பொடியா நறுக்கி. உருகின சாக்லேட்டில் ரெண்டு சொட்டுத் தண்ணி விழுந்தாலே மணல் மணலா இறுகிடும். பயந்து அதைக் கொட்டாதீங்க, இன்னும் ரெண்டு மூணு ஸ்பூன் சூடான பாலை விட்டு அடிச்சா திரும்ப இளகும். கொஞ்சம் தண்ணிதான் கெடுக்குது, நிறையத் தண்ணி கெடுக்காது.

வடிகட்டி | டிசம்பர் 6, இரவு 8.50

கார்ன்ஃப்ளார் போட்டதில் தேன் சேர்த்தேன். முதல்ல கெட்டியா இருந்தது, கோப்பை பாதியாகும்போது தண்ணி மாதிரி ஆயிடுச்சே?

அடிகனம் | டிசம்பர் 6, இரவு 9.20

தேனில் மாச்சத்தை உடைக்கிற நொதி உண்டு. சூடு காட்டாத தேனை ஆறின பானத்தில் போட்டா அது வேலையைத் தொடங்கும். குடிச்ச ஸ்பூனைத் திரும்பத் திரும்ப உள்ளே விட்டாலும் இதேதான், உமிழ்நீரிலும் அதே வகை நொதி. கெட்டிப் பானத்துக்குச் சர்க்கரை போடுங்க, ஸ்பூனை வெளியே வைங்க.

ஏலத்தோல் | டிசம்பர் 7, காலை 6.30

தேன் பேச்சு வந்ததால. சூடான பானத்தில் தேன் விட்டா விஷம்னு பயப்பட வேண்டாம். சூட்டில் நொதியும் வாசனையும் போகும், சர்க்கரை சூடானா உண்டாகிற எச்எம்எஃப் என்கிற பொருள் கொஞ்சம் கூடும். ஒரு கோப்பையின் சூட்டில், அந்தச் சில நிமிஷத்தில், அது கவலைப்படுற அளவுக்கு வராது. ஆனா காசு கொடுத்து வாங்கின வாசனையை ஏன் ஆவியாக்கணும்? குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு விடுங்க. ஒரு வயசு நிரம்பாத குழந்தைக்கு எந்தச் சூட்டிலும் தேன் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்தால் பொட்டுலிசம் என்கிற நச்சு நோய் வர்ற அபாயம். கொதிக்க வெச்சாலும் அந்த வித்து சாகாது.

எலுமிச்சையும் கடைசிதான். தோலோட வெட்டிப் போட்டுக் கொதிக்க விட்டா வெள்ளைப் பகுதியின் கசப்பு இறங்கும். மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாச் சீவி மூடி போட்டு அஞ்சு நிமிஷம் ஊற விடு, சாறு கோப்பையில் பிழி. கறுப்பு டீயில் எலுமிச்சை பிழிஞ்சதும் நிறம் வெளுக்கும், டீ நீர்த்துப் போனதா நினைச்சு இன்னும் தூள் போடாதீங்க. புளிப்பில் நிறமிகள் வெளுக்குது, திறம் குறையலை.

கொதிநிலை | டிசம்பர் 8, இரவு 9.40

எவ்வளவு சூடாக் குடிக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை 2016-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு "அநேகமாகப் புற்றுநோய் விளைவிப்பவை" பட்டியலில் சேர்த்தது. உணவுக்குழாயைச் சூடு திரும்பத் திரும்பச் சுடறதுதான் விஷயம், எந்தப் பானம் என்பது இல்லை. வாயைச் சுட்டுக்கிட்டு உறிஞ்சிக் குடிக்க வேண்டி இருந்தா இன்னும் ஆறலைன்னு அர்த்தம். 55, 60-ல் ருசியும் நல்லாத் தெரியும்.

ஆறாம இருக்கணும்னு கவலைப்படுறவங்க கோப்பையைக் கவனிக்கறதில்லை. 350 கிராம் பீங்கான் கோப்பை 15 டிகிரியில் அலமாரியில் இருக்கு. 90 டிகிரியில் 250 மி.லி. ஊத்தறீங்க. பீங்கானும் பானமும் சமமானா 73 டிகிரி, ஊத்தினதுமே 17 போச்சு. முன்னாடியே கொதிநீர் ஊத்திக் கோப்பையை 55-க்குக் கொண்டு வந்திருந்தா 82-ல் நிற்கும். மூடி போட்டா இன்னும் நல்லது, திறந்த கோப்பையில் சூடு அதிகமாப் போறது ஆவியாத்தான்.

பாலாடை | டிசம்பர் 8, இரவு 10.00

பழைய சண்டை: டீயைப் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் குடிக்கப் போறேன், அப்பவும் சூடா இருக்கணும்னா பால் இப்பவே சேர்க்கவா, அப்புறமா?

கொதிநிலை | டிசம்பர் 8, இரவு 10.05

இப்பவே. சூடு அதிகமா இருக்கிற பொருள் வேகமா ஆறும். பாலை இப்பவே விட்டுச் சூட்டைக் குறைச்சா ஆறுற வேகமும் குறையும், பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா இதுதான் சூடா இருக்கும். சண்டை முடிஞ்சுது.

பாலாடை | டிசம்பர் 8, இரவு 10.07

பால் ஃப்ரிட்ஜில் இருந்தா சரி. பால் வெளியே இருந்தா?

கொதிநிலை | டிசம்பர் 8, இரவு 10.20

அறைச் சூட்டில் இருந்தாலும் இப்பவேதான், வித்தியாசம் கம்மி. ஃப்ரிட்ஜ் பாலில் இன்னும் சாதகம்: பத்து நிமிஷம் அது வெளியே நின்னு சூடேறாதுன்னு வெச்சுக்கிட்டா. தூங்கப் போங்க.

மூடிபோடு | டிசம்பர் 10, மாலை 7.10

தாவரப் பால் பயன்படுத்துறவங்களுக்குச் சுருக்கமா. ஓட்ஸ் பால் கொதிச்சா வழவழப்பாகும், அதில் மாச்சத்து இருக்கு. சூடு மட்டும் பண்ணு, கொதிக்க விடாதே. சோயா பால் புளிப்பான காபியில் திரியும். பாலை முதலில் சூடாக்கி கோப்பையில் ஊத்தி, அதன் மேல் காபியை மெதுவா விட்டா பெரும்பாலும் தப்பும். பாதாம் பால் பிரியும், கெட்டுப் போகலை, அடிச்சுக் கலக்கினா சேரும். கால்சியம் சேர்த்த டப்பாவை நல்லாக் குலுக்கணும், இல்லேன்னா அது அடியிலேயே தங்கிடும்.

அடிகனம் | டிசம்பர் 11, காலை 6.50

தினமும் இஞ்சி தட்டச் சோம்பலா இருக்கிறவங்களுக்கு ஒரு தொகுப்பு. இஞ்சி 100 கிராம், தோலை ஸ்பூனால் சுரண்டி, நாருக்குக் குறுக்கே 2 மி.மீ. வில்லையா வெட்டு. தண்ணி 500 மி.லி., பட்டை ரெண்டு துண்டு, கிராம்பு நாலு. மூடி போட்டுச் சிறு தீயில் 25 நிமிஷம். வடிகட்டி, சர்க்கரை 150 கிராம் கரைச்சு இன்னொரு கொதி. கொதிநீரில் கழுவிக் காயவெச்ச கண்ணாடிப் பாட்டிலில் சூடாவே ஊத்தி, ஆறினதும் ஃப்ரிட்ஜில். ஒரு வாரம் தாங்கும். கோப்பைக்கு ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன், கொதிநீர் அல்லது சூடான பால். இது கொதிச்ச இஞ்சி, பாலைத் திரிக்காது.

பாட்டில் அடியில் வெள்ளையாப் படியும், அது இஞ்சியின் மாச்சத்து. தெளிவு வேணும்னா அசைக்காம ஊத்து. சர்க்கரையைக் குறைச்சா நாளும் குறையும், 50 கிராம் மட்டும் போட்டவங்க மூணு நாளில் முடிச்சுடணும். நுரை தட்டினா, மூடி திறக்கும்போது காத்து சீறினா, கொட்டிடு.

ஆப்பிள் சாறு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு மசாலாச் சாறு செய்யறவங்க ஸ்டீல் அல்லது எனாமல் பாத்திரம் எடுங்க. புளிப்பான சாறை அலுமினியத்திலோ வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ கொதிக்க வைக்கக் கூடாது. 1 லிட்டர் சாறுக்குப் பட்டை ஒண்ணு, கிராம்பு நாலு, 20 நிமிஷம், கொதி வராத சூட்டில். கொதிச்சா ஆப்பிள் வாசனை போய் வெந்த பழ ருசி வரும்.

ஏலத்தோல் | டிசம்பர் 11, காலை 8.10

பட்டையைத் தினமும் போடுறவங்க எந்தப் பட்டைன்னு பாருங்க. தடிமனா, கெட்டியா, ஒரே சுருளா இருக்கிறது காசியா. அதில் கூமரின் அதிகம், தினசரி நிறையப் போனா கல்லீரலுக்கு ஆகாது. உடலெடை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தினசரி வரம்பு. காகிதம் மாதிரி பல அடுக்காச் சுருண்டு, கையால் நொறுங்கறது இலங்கைப் பட்டை, அதில் கூமரின் மிகக் குறைவு. எப்பவாவது ஒரு அங்குலம் போடுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அதிமதுரத்தையும் இனிப்புக்காகத் தினம் போடாதீங்க. அதிலுள்ள கிளிசரைசின் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த மாத்திரை எடுக்கிறவங்க தொடாம இருக்கிறது நல்லது. ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவங்க இஞ்சி, மஞ்சளைத் தினசரி கூட்டுறதுக்கு முன்னாடி மருத்துவரைக் கேட்கணும்.

வடிகட்டி | டிசம்பர் 13, இரவு 8.30

மலையில் கொஞ்ச நாள் தங்கப் போறோம், 2,000 மீட்டர் உயரம். அங்கே அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ்தான். ஃபிளாஸ்க் கொண்டு போறோம். எதை மாத்தணும்?

கொதிநிலை | டிசம்பர் 13, இரவு 9.15

அந்த உயரத்தில் தண்ணி 93 டிகிரியிலேயே கொதிக்கும். டீ, இஞ்சி ரெண்டுக்கும் நேரத்தைக் கூட்டுங்க, இஞ்சிக்கு 12 நிமிஷம் ஆகும். நொதி விஷயத்தில் கவலை இல்லை, 93 தாராளம்.

மைக்ரோவேவில் இஞ்சியைக் கொதிக்க விடுறது தொல்லை. அடிகனம் சொன்ன தொகுப்பை எடுத்துட்டுப் போங்க, அங்கே தண்ணியும் பாலும் சூடு பண்ணினா போதும். வெறும் தண்ணியை வழவழப்பான கோப்பையில் சூடு பண்ணினா கொதிநிலையைத் தாண்டியும் அசையாம நிற்கும், ஸ்பூன் போட்டதும் மேலே பாயும். உள்ளே ஒரு மரக்குச்சி போட்டு வைங்க, எடுக்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் விடுங்க. பாலை முக்கால் கோப்பைக்கு மேல ஊத்தாம, 30 விநாடிக்கு ஒருதரம் நிறுத்திக் கிளறணும்.

பாலாடை | டிசம்பர் 13, இரவு 9.50

ஃபிளாஸ்க்கில் பால் பானம் எடுத்துட்டுப் போகாதீங்க. 60 டிகிரிக்குக் கீழ இறங்கினதும் கிருமி பெருகத் தோதான சூடு, அதில் மணிக்கணக்கா நிற்கும். எடுத்தே ஆகணும்னா ஃபிளாஸ்க்கைக் கொதிநீரால் நிரப்பி அஞ்சு நிமிஷம் மூடி வெச்சுக் கொட்டி, பானத்தைக் கொதிக்கக் கொதிக்க, கழுத்து வரைக்கும் ஊத்துங்க. பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும். ரெண்டு மணி நேரத்தில் முடிச்சுடுங்க. இல்லேன்னா மசாலாத் தண்ணியை ஃபிளாஸ்க்கிலும் பால் பவுடரைத் தனியாவும் கொண்டு போய் அங்கே கலக்கறது உத்தமம். பவுடரை முதலில் வெதுவெதுப்பான தண்ணியில் பசையாக்கிட்டு அப்புறம் சூடானதை ஊத்தணும், நேராக் கொட்டினா கட்டி.

பட்டை, கிராம்பை ஃபிளாஸ்க்குக்குள்ளேயே விட்டு வைக்காதீங்க. ஊறிக்கிட்டே இருக்கும், மூணாவது மணி நேரத்தில் மருந்துக் கஷாயம்.

ஏலத்தோல் | டிசம்பர் 14, காலை 7.20

கிராம்பு வாசனை ஏறின ஃபிளாஸ்க்கில் அடுத்த நாள் கோகோ ஊத்தாதீங்க. வாசனை ஸ்டீலில் இல்லை, மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தில். கத்தி முனை இல்லாம ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, சுடுதண்ணியில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊற வைங்க. காய்ஞ்ச பிறகு மாட்டுங்க, ஈரத்தோட மாட்டினா பூசணம். வளையத்தைத் திருப்பி மாட்டிட்டா ஒழுகும், தட்டையான பக்கம் எதுன்னு எடுக்கும்போதே பார்த்து வெச்சுக்குங்க.